ஏர் ரைஃபிள் குழலில் சிக்கிய பெல்லட்டை எடுக்கும் முறை

விசையை அழுத்தியாயிற்று, ஓசையும் கேட்டது, ஆனால் இலக்கு அட்டையில் புதிய துளை எதுவும் இல்லை. ஓசையிலும் ஒரு மாற்றம் இருக்கும். வழக்கமான கூர்மையான வெடிப்புக்குப் பதிலாக அமுங்கிய ஒலி எழும், பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டு போய்த் தடுப்புப் பெட்டியில் மோதும் சத்தம் வராது, சில சமயம் பெல்லட் இடும் பின்வாயின் பக்கமாகக் காற்று சீறிக் கன்னத்தில் படும். இந்த மூன்றில் எந்த ஒன்றைக் கவனித்தாலும், பெல்லட் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டுதான் அடுத்த அசைவைச் செய்ய வேண்டும். குறி தவறி அட்டைக்கு வெளியே போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு அடுத்த பெல்லட்டை இட்டுச் சுடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. ஐந்து நிமிடத்தில் தீர வேண்டிய சிக்கல் அந்த ஒரு பிழையால் குழலையே மாற்ற வேண்டிய செலவில் போய் முடிகிறது.

இரண்டாவது பெல்லட் முதலாவதைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும் என்ற நம்பிக்கை பயிற்சிக் கூடங்களில் பரவலாக இருக்கிறது. ஈயத்தின் இயல்பை அறிந்தால் அந்த நம்பிக்கை நிற்காது. ஈயம் மென்மையானது, பின்னாலிருந்து மற்றொரு பெல்லட் வேகமாக வந்து மோதினால், நின்றுகொண்டிருக்கும் பெல்லட் முன்னே நகர்வதைவிடப் பக்கவாட்டில் பருத்துக் குழலின் உட்சுவரை இன்னும் இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும். மோதிய பெல்லட்டின் தலை முன்னதன் குழிந்த பின்பகுதிக்குள் நுழைந்து அதை ஆப்பு வைத்ததுபோல் விரித்துவிடும். போக வழியில்லாத காற்று பின்வாயின் ரப்பர் வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். நான்கைந்து பெல்லட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நெரிந்து ஒரே ஈயக் கம்பியாகிப்போன குழல் ஒன்றை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதைச் சுட்டவருக்குத் துப்பாக்கி மீது அக்கறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை போய்விடும் என்றே நம்பியிருக்கிறார்.

எனவே முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் நிற்பது. குழல் இலக்கை நோக்கியபடியே இருக்கட்டும். விரல் விசையை விட்டு வெளியே வரட்டும். சுடுதளத்தில் இருந்தால் துப்பாக்கியைத் திருப்பாமல் இடத்திலேயே வைத்துக்கொண்டு கையை உயர்த்தித் தள அலுவலரை அழைக்க வேண்டும். போட்டியில் மதிப்பெண்ணுக்கான சுற்றுகள் தொடங்கிய பிறகு காற்று வெளியேறி இலக்கில் பெல்லட் படவில்லை என்றால் அந்தச் சுற்று தவறியதாகவே கணக்கிடப்படும். அந்த இழப்பை அவசரப்பட்டு மீட்க முடியாது. அதை மனத்தில் ஏற்றுக்கொண்டவர்தான் மீதிச் சுற்றுகளைக் காப்பாற்றுவார். வீட்டில் பயிற்சி செய்பவர் அறையில் உள்ள பிறரை, குறிப்பாகக் குழந்தைகளை, வெளியே அனுப்பிவிட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். பத்து மீட்டர் போட்டி ரைஃபிளில் அரை கிராம் அளவுள்ள பெல்லட் வினாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதன் ஆற்றல் ஏழு எட்டு ஜூல்தான் என்றாலும் ஒரு கண்ணைப் போக்குவதற்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை.

துப்பாக்கியின் ஆற்றலை முதலில் நீக்குதல்

சிக்கிய பெல்லட்டை எடுக்கக் கம்பியைப் பெரும்பாலும் குழலின் முன்வாய் வழியாகத்தான் நுழைக்க வேண்டியிருக்கும். அதாவது, ஒருபோதும் கையை முன்னே நீட்டக் கூடாது என்று சொல்லித்தரப்பட்ட இடத்திற்கு முன்னே கையைக் கொண்டுபோகப் போகிறோம். ஆகையால் துப்பாக்கிக்குள் பெல்லட்டைத் தள்ளக்கூடிய ஆற்றல் எதுவும் மிச்சமில்லை என்பதை உறுதி செய்யாமல் கம்பியைத் தொடக் கூடாது. இதைச் செய்யும் முறை துப்பாக்கியின் வகையைப் பொறுத்தது.

நம் ஊர்களில் அதிகம் காணப்படுவது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. சுட்ட பிறகு பெல்லட் சிக்கியிருந்தால் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அது நமக்கு நல்லது. குழலைப் பின்வாய் தெரியும் அளவுக்கு மட்டும் மெல்லத் திறக்க வேண்டும். ஸ்பிரிங்கின் எதிர்ப்புக் கைக்குத் தெரியும் இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் மடக்கினால் ஸ்பிரிங் ஏறிவிடும். இந்த நிலையில் குழலின் பின்வாய் அழுத்த அறையின் துளைக்கு நேராக இல்லாததால், குழலுக்குள் காற்று பாய வழியில்லை. ஸ்பிரிங் ஏறிய பிறகுதான் பெல்லட் சரியாக உட்காரவில்லை என்று தெரிகிறது என்றால் நிலைமை வேறு. திறந்திருக்கும் குழல் விசை தவறினால் பெரும் விசையோடு மேலே வந்து மூடும். விரல் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. அப்போது விசையைப் பூட்டும் சேஃப்டியைப் போட்டு, ஒரு கையால் குழலை முழு பலத்தோடு கீழே பிடித்துக்கொண்டே மறு கையால் வேலை செய்ய வேண்டும். துணைக்கு ஒருவர் இருந்தால் குழலைப் பிடிப்பது மட்டுமே அவர் வேலையாக இருக்கட்டும். சில ரைஃபிள்களில் குழலைப் பிடித்தபடி விசையை அழுத்தி ஸ்பிரிங்கை மெல்லத் தளர்த்த முடியும். சிலவற்றில் அதைத் தடுக்கும் அமைப்பு உள்ளது. உங்கள் துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் மட்டுமே அதைச் செய்யுங்கள்.

குழல் அசையாமல், பக்கத்திலோ அடியிலோ உள்ள நெம்புகோலை இழுத்து ஏற்றும் ஸ்பிரிங் ரைஃபிள்களில் அழுத்த அறையே பின்னுக்கு நகர்ந்து பெல்லட் இடும் இடைவெளியைத் திறக்கிறது. அந்த அறை தவறி முன்னே பாய்ந்தால் இடையில் இருக்கும் விரல் நசுங்கும். நெம்புகோலைக் கையிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டுதான் உள்ளே பார்க்கவே வேண்டும். இவ்வகையில் ஸ்பிரிங் ஏறிய நிலையில் சிக்கல் நேர்ந்திருந்தால் தானே முயலாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே என் பரிந்துரை.

போட்டிகளில் இன்று ஆளப்படுவது சிலிண்டரில் முன்னரே அழுத்தி நிரப்பிய காற்றால் இயங்கும் வகை. சிலிண்டரில் பெரும்பாலும் 200 பார் வரை அழுத்தம் இருக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நின்றுவிட்ட பெல்லட்டுக்கும் மூடிய பின்வாய்க்கும் இடையில் சிறிது காற்று அடைபட்டிருக்கலாம். திறக்கும்போது அது சட்டென்று பின்னோக்கி வெளியேறும். ஆகவே முகத்தை விலக்கிக்கொண்டு, குழல் இலக்கை நோக்கியிருக்க, பெல்லட் இடும் நெம்பைத் திறக்க வேண்டும். பிறகு சிலிண்டரைக் கழற்ற வேண்டும். சிலிண்டரைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவே ஒன்றிரண்டு முறை சுடுவதற்கான காற்று மிச்சமிருக்கும். பெல்லட் எதுவும் இடாமல், குழலைப் பாதுகாப்பான தடுப்பை நோக்கி வைத்து, நெம்பை மூடி விசையை அழுத்தி, ஓசை முற்றிலும் நின்று வெறும் உலோகத் தட்டல் மட்டும் கேட்கும்வரை அந்தக் காற்றைத் தீர்க்க வேண்டும். இப்படித் தீர்க்கும்போதே சில சமயம் சிக்கிய பெல்லட் வெளியே போய்விடுவதும் உண்டு. அதனால்தான் தடுப்பை நோக்கி வைக்கச் சொல்கிறேன். முடிந்ததும் நெம்பைத் திறந்து திறந்தே வைத்திருக்க வேண்டும்.

கம்பியைத் தேர்ந்தெடுத்தல்

நான் பார்த்தவரை, குழல்கள் சிக்கிய பெல்லட்டால் கெட்டதைவிட அதை எடுக்கப் பயன்படுத்திய கம்பியால் கெட்டதே அதிகம். 4.5 மில்லிமீட்டர் குழலின் உட்சுவரில் பெல்லட்டைச் சுழலச் செய்யும் மெல்லிய புரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. துப்பாக்கியின் துல்லியம் அந்தப் புரிகளிலும், அதைவிட முக்கியமாக முன்வாயின் விளிம்பிலும் இருக்கிறது. பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு. அதில் ஒரு பக்கம் மட்டும் சிறு கீறல் விழுந்தாலும் காற்று ஒரு பக்கமாக முந்தி வெளியேறிப் பெல்லட்டைச் சாய்த்துவிடும். பத்து மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கீறலின் விலை புரியும்.

ஒரே துண்டாக உள்ள பித்தளைக் கம்பியோ, பிளாஸ்டிக் பூச்சிட்ட எஃகுக் கம்பியோ சிறந்தது. 4.5 குழலுக்கு மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் வரை தடிமன் இருக்கலாம். முனை தட்டையாக இருக்க வேண்டும். கூர்முனை ஈயத்தைக் குத்தி விரிக்கும். திருகி இணைக்கும் மூன்று துண்டு அலுமினியக் கம்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்றாலும், அவற்றின் இணைப்பு விளிம்புகள் குழலைச் சுரண்டும். மென்மையான அலுமினியத்தில் பதிந்துகொள்ளும் மணல் துகள் உப்புத்தாள் போல வேலை செய்யும். குடைக் கம்பி, சைக்கிள் ஆரக்கால், நீளமான ஸ்குரூடிரைவர், வெல்டிங் கம்பி ஆகியவை கையருகே கிடைக்கின்றன என்பதற்காகவே எடுக்கப்படுபவை. அவற்றைத் தொடவே கூடாது. மூங்கில் குச்சியும் தென்னை ஈர்க்கும் உலோகத்தைக் கீறாது என்பது உண்மைதான். ஆனால் அவை உள்ளே முறிந்துவிட்டால் பெல்லட்டோடு சேர்த்து மரச் சிம்பையும் எடுக்க வேண்டிய இரட்டை வேலையாகிவிடும். சரியான கம்பி கையில் இல்லை என்றால் அது வரும்வரை காத்திருப்பதால் பெல்லட் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

தள்ளும் முறை

குழலை மாசு துடைக்கும்போது பின்வாயிலிருந்து முன்வாய்க்குத் துடைப்பதே வழக்கம். முன்வாயின் விளிம்பைக் காப்பதற்காகத்தான் அந்த வழக்கம். சிக்கிய பெல்லட்டில் இது தலைகீழாகிறது. பெல்லட்டின் வடிவமே அதற்குக் காரணம். முன்பக்கம் திடமான தலை, நடுவில் இடுப்பு, பின்னால் பாவாடை போல விரிந்து உள்ளே குழிந்த மெல்லிய பகுதி. அதை ஸ்கர்ட் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். பின்னாலிருந்து வரும் காற்று அந்த ஸ்கர்ட்டை விரித்துக் குழலோடு ஒட்டச் செய்வதால்தான் காற்று வீணாகாமல் தள்ளுகிறது. அதே ஸ்கர்ட்டைத் தடித்த கம்பியால் பின்னாலிருந்து தள்ளினால் அதன் ஓரம் நசுங்கி வெளிப்பக்கம் விரிந்து இறுகும். முன்னாலிருந்து தள்ளினால் கம்பி திடமான தலையில் படுகிறது. தள்ளும் விசை எதையும் விரிப்பதில்லை. ஆகையால் பெல்லட்டை முன்வாயிலிருந்து பின்வாய் நோக்கித் தள்ளி, அது ஏற்றப்பட்ட வழியாகவே வெளியே எடுப்பதுதான் பொது விதி.

போட்டி ரைஃபிள்களில் முன்குறியைத் தாங்கும் நீட்டுக்குழாய் குழலின் முன்னே பொருத்தப்பட்டிருக்கும். உண்மையான முன்வாய் அதற்குள் ஆழத்தில் இருக்கும். அதைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லையென்றால் கம்பி கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் போய் இடிக்கும். ஒலி குறைக்கும் குழாய் பொருத்தியிருந்தால் அதையும் கழற்ற வேண்டும். பெல்லட் குழலைக் கடந்து அந்தக் குழாயின் உள்தடுப்பில் சிக்கியிருப்பதும் நடக்கக்கூடியதே. அப்படியானால் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கம்பியை நுழைப்பதற்கு முன் ஓர் அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பியைக் குழலின் வெளிப்பக்கமாக, அதன் முனை பின்வாய்க்கு நேராக இருக்குமாறு வைத்து, முன்வாய் வரும் இடத்தில் கம்பியில் ஒட்டுநாடா சுற்றுங்கள். பிறகு கம்பியை உள்ளே மெல்ல விடுங்கள். அது நின்ற இடத்தில் நாடாவுக்கும் முன்வாய்க்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறதோ, பெல்லட்டின் தலை பின்வாயிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் என்றால் பெல்லட் புறப்பட்ட இடத்திலேயே நின்றிருக்கிறது. காற்றின் அழுத்தம் போதவில்லை அல்லது பெல்லட் தலைகீழாகவோ நசுங்கியோ இடப்பட்டிருக்கிறது. முப்பது சென்டிமீட்டர் என்றால் ஓடிவந்து களைத்து நின்றிருக்கிறது. அழுத்தக் கசிவையோ சிலிண்டரில் காற்றுக் குறைந்திருப்பதையோ தேட வேண்டும். இந்த ஓர் அளவு எதிர்காலச் சிக்கலையே சொல்லிவிடும் என்பதால் இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவேன்.

முன்வாயில் ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய் விட்டு, குழலைச் சற்று நிமிர்த்திப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் எண்ணெய் இறங்கிப் பெல்லட்டின் ஓரத்தை எட்டும். ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், மண்ணெண்ணெய், கடைகளில் கிடைக்கும் துரு நீக்கும் தெளிப்பான் ஆகியவற்றை விடக் கூடாது. ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் காற்றை அமுக்கும்போது எழும் வெப்பத்தில் இந்த எண்ணெய்கள் தீப்பற்றி, வெடிப்போசையோடு ரப்பர் அடைப்புகளைப் பாழாக்கும். உயரழுத்தக் காற்று ரைஃபிளின் உட்பகுதிகளில் எரியக்கூடிய எண்ணெய் சேர்வது அதைவிடவும் அபாயமானது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும் என்பது சமையலறையில் எல்லோரும் கண்டதுதான்.

துப்பாக்கியை மேசையின் மேல் மடித்த ஜமுக்காளத்தில் கிடைமட்டமாகப் படுக்க வைத்து, கட்டையின் பின்பகுதி நகராதபடி சுவரில் மெத்தென்று முட்டுக்கொடுங்கள். பின்வாயில் ஒரு துணித் துண்டைச் செருகிவைத்தால் வெளியே வரும் பெல்லட் உள்ளே எங்கும் விழாது. கம்பியின் முனையும் பின்னால் உள்ள பாகங்களில் மோதாது. குழலுக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நின்று, கம்பியை முன்வாய்க்கு ஐந்து சென்டிமீட்டர் வெளியே இரு விரல்களால் இறுகப் பிடித்துத் தள்ளுங்கள். கம்பியின் கடைசி நுனியில் உள்ளங்கையை வைத்து அழுத்துவதில் இரண்டு கேடுகள் உள்ளன. நீளமான கம்பி நடுவில் வளைந்து முன்வாயின் விளிம்பைத் தேய்க்கும். எதிர்பாராமல் கம்பி பின்னோக்கி வந்தால் கையைத் துளைக்கும். முன்வாயில் செருகும் சிறு பித்தளை வழிகாட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கம்பியைத் தாங்கும் மறு கையின் விரல்களே வழிகாட்டியாக இருக்க வேண்டும்.

அழுத்தம் சீராகவும் தொடர்ந்தும் இருக்க வேண்டும். முதலில் எதுவும் அசையாததுபோல் தோன்றும். பிறகு ஒரு சிறு ‘டிக்’ என்ற உணர்வோடு பெல்லட் தன் பிடியை விடும். அதன் பின் ஒரே சீரான உராய்வுடன் நகரும். அந்தத் தொடக்கப் பிடியை விடுவிக்க மட்டுமே, தேவைப்பட்டால், மரச் சுத்தியலால் கம்பியின் நுனியில் மிக மெல்ல இரண்டு மூன்று தட்டுகள் தட்டலாம். பலமாக அடித்தால் இரண்டாவது பெல்லட் செய்த வேலையை நம் சுத்தியலே செய்துவிடும். நாடா முன்வாயை நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள். பின்வாயில் பெல்லட் விழுந்ததும் கம்பியை நேராக வெளியே இழுத்து, மீண்டும் ஒருமுறை முழு நீளமும் விட்டுப் பாருங்கள். நாடா முன்வாயைத் தொட்டால் வழி திறந்துவிட்டது. அரை சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி நின்றால் உள்ளே இன்னொரு பெல்லட் இருக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். குழல் மடக்கும் ரைஃபிளில் பெல்லட் முன்வாய்க்கு மிக அருகே, இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நின்றிருந்தால், முழு நீளமும் பின்னோக்கித் தள்ளிவருவதைவிடப் பின்வாய் வழியாகத் தள்ளி முன்னே எடுப்பது எளிது. அப்போது கம்பி ஸ்கர்ட்டின் ஓரத்தில் படாமல் அதன் குழிக்குள் நுழைந்து தலையின் உட்பக்கத்தைத் தொடும் அளவுக்கு மெல்லியதாக, தட்டை முனையோடு இருக்க வேண்டும்.

சற்று வேறான சிக்கல்கள்

பெல்லட் முழுதும் உள்ளே போகாமல் பாதியில் நின்று, பின்வாயை மூடும்போது அதன் ஸ்கர்ட் மடங்கிவிடுவது தொடக்கநிலையாளரிடம் அதிகம் நடக்கிறது. இதற்கும் முன்வாயிலிருந்து தள்ளுவதே வழி. இடுக்கியால் ஸ்கர்ட்டைப் பிடித்து இழுத்தால் அது கிழிந்து தலை மட்டும் உள்ளே நிற்கும். இடுக்கி நழுவினால் பின்வாயின் விளிம்பில் கீறல் விழும். மூடும் பகுதியில் உள்ள ஓ-ரிங் என்னும் சிறு ரப்பர் வளையத்தில் ஈயச் செதில் ஒட்டியிருக்கிறதா என்று தவறாமல் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் அடுத்த சில நாட்களில் காற்றுக் கசிந்து மீண்டும் பெல்லட் நிற்கும்.

துடைப்பதற்கான பஞ்சு பெல்லட் சிக்குவதும் உண்டு. உயரழுத்தக் காற்று ரைஃபிளில் அவற்றைச் சுட்டுத் துடைப்பது வழக்கத்தில் உள்ளது. ஸ்பிரிங் ரைஃபிளில் அது கூடாது. பஞ்சுக்கு எடை இல்லாததால் பிஸ்டன் எதிர்ப்பின்றி ஓடி முன்சுவரில் மோதும். சிக்கிய பஞ்சைத் தட்டை முனைக் கம்பி எளிதாகத் தள்ளிவிடும்.

நம் ஊரில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் சுவரில் சாய்த்துவைத்த துப்பாக்கியின் குழலில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அந்த மண் காய்ந்து செங்கல்லாகி நிற்க, அதில் பெல்லட் போய் முட்டி நிற்கும். இங்கே கம்பியால் அழுத்தினால் மணல் துகள்கள் புரிகளைத் தேய்க்கும். குழலைக் கழற்றி, முன்வாய் வழியாகச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைத்து, முன்வாய் கீழே இருக்குமாறு பிடித்து வடியவிட்டு, அதன் பிறகே பெல்லட்டைத் தள்ள வேண்டும். முடிந்ததும் ஈரம் முழுதும் போகத் துடைத்து உலர்த்த வேண்டும். குழலைக் கழற்றத் தெரியாதவர் இதைத் தானே செய்யக் கூடாது.

மூன்றுக்கு மேற்பட்ட பெல்லட்டுகள் நெரிந்திருந்தாலோ, கம்பி உள்ளே முறிந்திருந்தாலோ, சீரான அழுத்தத்துக்கும் எண்ணெய்க்கும் அரை மணி நேரத்தில் அசைவு எதுவும் இல்லாவிட்டாலோ அங்கே நிறுத்திவிட வேண்டும். துளையிடும் மெஷினால் ஈயத்தைக் குடைய முயன்றால் முனை மென்மையான ஈயத்தை விட்டு விலகிப் புரிகளை வெட்டும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதால் சூடாக்கி ஊற்றிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வெப்பத்தில் ரப்பர் அடைப்புகளும் குழலின் பூச்சும் அழியும். ஈயத்தின் நச்சுத் தூசும் புகையும் வீட்டுக்குள் பரவும். பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது, எத்தனை பெல்லட்டுகள் உள்ளே இருக்கலாம், ஸ்பிரிங் ஏறியிருக்கிறதா என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதித் துப்பாக்கியில் கட்டிக் கொடுங்கள்.

எடுத்த பிறகு

வெளியே வந்த பெல்லட்டைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தலையைச் சுற்றிப் புரிகளின் தடம் சீராக இருந்து ஸ்கர்ட்டும் ஒழுங்காக இருந்தால் பெல்லட்டில் குறையில்லை, காற்றில்தான் குறை. ஸ்கர்ட் ஒரு பக்கம் மடங்கியிருந்தால் டப்பாவில் நசுங்கியதோ, இடும்போது சாய்ந்ததோ ஆகும். தலையில் ஸ்கர்ட்டைப் போன்ற வட்டத் தடம் இருந்தால் இரண்டு பெல்லட்டுகள் இடப்பட்டிருக்கின்றன. பல பெல்லட்டுகளை அடுக்கிவைக்கும் மேகசின் உள்ள துப்பாக்கிகளில் சுடாமலே நெம்பை இரண்டாம் முறை இயக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரு பெல்லட் குழலுக்குள் போய்விடும். கவனம் சிதறும் ஒரு நொடியில் இது நடந்துவிடுகிறது.

குழலை உலர்ந்த துணித் துண்டுகளால் எண்ணெய்ப் பசை போகும்வரை துடைத்துவிட்டு, கழற்றியவற்றைப் பொருத்தி, பாதுகாப்பான தடுப்பை நோக்கிப் பத்துப் பெல்லட்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் துளை விழுந்ததைக் கண்ட பிறகே அடுத்ததை இட வேண்டும். முதல் மூன்று நான்கு பெல்லட்டுகள் மிச்ச எண்ணெயால் சிதறும். அதைக் கொண்டு குறியைத் திருத்த வேண்டாம். பத்துக்குப் பிறகும் சிதறல் குறையாவிட்டால் முன்வாயின் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும்.

பெல்லட் அடிக்கடி நிற்கிறது என்பதற்காக வலுவான ஸ்பிரிங்கை மாட்ட நினைப்பவர்கள் உண்டு. பழைய அடைப்பு வளையமும் தேய்ந்த பிஸ்டன் ரப்பரும் கசியும்போது ஸ்பிரிங்கை வலுப்படுத்துவது ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் இறைப்பதுதான். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் இன்றி வைத்திருக்கத்தக்க காற்றுத் துப்பாக்கியின் குழல் 4.5 மில்லிமீட்டரையும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டக் கூடாது என்பதையும் அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். சில ரூபாய் விலையுள்ள வளையத்தை மாற்றுவதோடு பெரும்பாலான கசிவுகள் நின்றுவிடும்.

பெல்லட்டுகளைச் சட்டைப் பையில் சில்லறையோடு போட்டுவைப்பது, டப்பாவைக் கீழே தவறவிட்ட பிறகும் அப்படியே பயன்படுத்துவது ஆகிய இரண்டும் ஸ்கர்ட்டை நசுக்குகின்றன. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் திறந்துகிடக்கும் ஈயத்தின் மேல் வெண்மையான பொடி படியும். அப்படிப்பட்டவற்றைச் சுடவே வேண்டாம். பெல்லட்டை இடும்போது அதன் ஸ்கர்ட்டின் ஓரம் பின்வாயின் மட்டத்துக்கு வரும்வரை கட்டைவிரலால் நேராக அழுத்தி உட்கார வையுங்கள். காற்று மானியைப் பயிற்சியின் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு இருபது சுற்றுக்கும் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும்.

குழல் வெறுமையாக இருக்கிறது என்பதைக் காட்ட, அதன் முழு நீளத்துக்கும் போய் இரு பக்கமும் தெரியும் பளிச்சென்ற நிறமுள்ள பாதுகாப்பு நாடாவைச் செருகிவைக்க வேண்டும் என்பது பன்னாட்டுப் போட்டி விதி. அதை நாங்கள் பயிற்சி தொடங்கும்போதும் முடிக்கும்போதும் செய்கிறோம். நாடா தடையின்றி முன்வாயில் எட்டிப்பார்த்தால் குழல் தெளிவாக இருக்கிறது. நடுவில் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. அதை உருவ மறந்து சுட்டுவிட்டால் அந்த நாடாவே குழலில் சிக்கும் என்பதால், சுடுவதற்கு முன் அது மேசையின் மேல் கண்ணெதிரே கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் துடைத்த துணிகளையும் எடுத்த பெல்லட்டையும் ஒரு பையில் கட்டிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்திவிட்டு, எதையும் தின்பதற்கு முன் கைகளைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். மேசையை ஈரத் துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பெருக்கினால் ஈயத் தூசி காற்றில் எழும்.